ரெனசியில் 11 நாட்கள்: மலை, குகை, கோவில், ஆறு

கோடை விடுமுறை நெருங்க, எம்மவர் வீடுகளில் எழும் கேள்வி ஒன்றுதான்: இம்முறை எங்கே போவது? விடையும் பெரும்பாலும் ஒன்றுதான். நயாகரா, இல்லையேல் மொன்றியலில் சித்தப்பா வீடு, அதுவும் இல்லையேல் நியூ ஜேர்சியில் மாமி வீடு. உறவுகளைக் காண்பது நல்லதே. ஆனால் பிள்ளைகளுக்கு அது ஒரு வீட்டின் சோபாவிலிருந்து இன்னொரு வீட்டின் சோபாவுக்கு மாறுவதாகவே முடிந்துவிடுகிறது. கைக்கெட்டும் செலவில், காரிலேயே போய், ஒரே பயணத்தில் பலவற்றையும் காண ஒரு திட்டத்தை இம்மாதம் முன்வைக்கிறோம். இடம், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ரெனசி மாநிலம்.

ஏன் ரெனசி? கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் மாநிலம் அது. அதன் கொடியில் மூன்று நட்சத்திரங்கள் உண்டு. கிழக்கே மலைநாடு, நடுவே மேட்டுநிலமும் இசை நகரமும், மேற்கே மிசிசிப்பி ஆற்றுச் சமவெளி என்ற மூன்று பிரிவுகளையும் அவை குறிக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாடு போல இருக்கும். 40ஆம் இலக்க நெடுஞ்சாலை மூன்றையும் ஊடறுத்துச் சுமார் 730 கிலோமீற்றர் ஓடுகிறது.

முதலில் பத்திரங்கள்

பெட்டி அடுக்குவதற்கு முன் பத்திரங்களைப் பாருங்கள். கனடியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சுற்றுலாவுக்கு விசா வேண்டியதில்லை. நிரந்தர வதிவிட உரிமை மட்டும் பெற்ற எம்மவர்க்கு அமெரிக்க விசா வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம், ஆகவே பனிக்காலத்திலேயே விண்ணப்பியுங்கள். அகதிக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் சட்டத்தரணியைக் கேளாமல் எல்லை கடக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். அகதியாக ஏற்கப்பட்டு வதிவிட உரிமை பெற்றவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அதில் பயணம் செய்தால், அந்நாட்டின் பாதுகாப்பை மீண்டும் நாடியதாக அது கொள்ளப்படலாம். 2012 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி அதனால் வதிவிட உரிமையே பறிபோகக்கூடும். அகதிகளுக்கென கனடா வழங்கும் பயணப் பத்திரத்தை எடுத்து, அதில் விசா பெறுங்கள். ஒரு விடுமுறைக்காக வாழ்க்கையைப் பணயம் வைக்க வேண்டாம்.

பயண வைத்தியக் காப்புறுதியும் கட்டாயம். ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி, அமெரிக்க வைத்தியசாலைச் செலவில் மிகச் சிறு பகுதியையே தரும். சாப்பாட்டுப் பெட்டியிலும் கவனம் தேவை. பழம், இறைச்சி, பச்சைக் கறிவேப்பிலை எதுவானாலும் எல்லை அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கறிவேப்பிலை மரநோயைப் பரப்பும் என்பதால் அதை உள்ளே விடமாட்டார்கள். அரிசியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோங்கள். சமையலறையுள்ள விடுதி அறை எடுத்தால் பாதிச் செலவு மிச்சம்.

மலைநாடு: நாள் 1 முதல் 4 வரை

ரொறன்ரோவிலிருந்து வின்சர், டிற்றொயிற் வழியாக 75ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் நேரே தெற்கு. முதல் நாள் இரவு சின்சினாற்றிப் பக்கம் தங்கி, மறுநாள் நொக்ஸ்வில் நகரைத் தாண்டி மலையடிவாரத்துக் கற்லின்பேர்க்கை அடையலாம். கோடையில் அங்கே அறை விலை ஏறிவிடும். சற்றுத் தள்ளியுள்ள ஊர்களில் தேடுங்கள்.

கிரேற் ஸ்மோக்கி மலைகள் 1934இல் தேசியப் பூங்காவாயின. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் அதிகமானோர் வரும் இப்பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்துவதானால் மட்டும், 2023 முதல், நாளுக்கு 5 டொலர் கட்டி ஒரு சீட்டு எடுக்க வேண்டும். மரங்கள் விடும் ஆவியால் மலைகளின் மேல் நீலப் புகார் படிந்திருக்கும். பெயர் வந்த காரணமும் அதுவே. 6,643 அடி உயரமான குவோஹி சிகரத்துக்குக் கிட்டவரை கார் போகும். கடைசி அரை மைல் செங்குத்தான நடை, அம்மம்மாமாருக்கு உகந்ததல்ல. கரடிகள் உண்டு. 50 யார் தூரத்துக்குள் நெருங்குவது சட்டப்படி குற்றம். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லி வையுங்கள்.

நான்காம் நாள் மலையைக் கடந்து வட கரோலைனாப் பக்கத்துச் செரோக்கி ஊருக்குப் போய் வாருங்கள். இந்த மலைகளெல்லாம் செரோக்கி மக்களின் நிலமாக இருந்தவை. தம் மொழிக்குச் சொந்த எழுத்தும், 1828 முதல் சொந்தப் பத்திரிகையும் கொண்டிருந்த மக்கள் அவர்கள். 1838இல் படையினர் அவர்களை வீடுகளிலிருந்து பிடித்து, முகாம்களில் அடைத்து, மிசிசிப்பிக்கு அப்பால் துரத்தினர். சுமார் 16,000 பேரில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்பது கணிப்பு. அப்போது போகாமல் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று இந்த ஊரில் வாழ்கின்றனர்.

குகையும் கோவிலும்: நாள் 5 முதல் 7 வரை

அங்கிருந்து நொக்ஸ்வில் வழியாகத் தெற்கே சட்டனூகா. லுக்அவுட் மலைக்கு 1895 முதல் ஓடும் சரிவு ரயிலும், அதே மலையின் வயிற்றுக்குள் 145 அடி உயரத்திலிருந்து விழும் ரூபி நீர்வீழ்ச்சியும் பிள்ளைகள் மறக்கமாட்டாத காட்சிகள். இரண்டுக்கும் கட்டணம் உண்டு. பணம் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம். ஆற்றங்கரை மீன் காட்சியகத்தின் அருகே நீர் வழிந்தோடும் படிக்கட்டு ஒன்று உள்ளது. இதற்குக் கட்டணம் இல்லை. செரோக்கி மக்களைப் படகேற்றிய இறங்குதுறை இது. அவர்கள் நினைவாகவே அந்தப் படிகளில் நீர் வழிகிறது. பிள்ளைகள் அதில் கால் நனைத்து விளையாடுவார்கள், விளையாடட்டும். பிறகு அருகில் இருத்திக் கதையைச் சொல்லுங்கள்.

ஆறாம் நாள் நாஷ்வில். போகும் வழியில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்தள்ள வேண்டும். மலைநாட்டில் ரொறன்ரோ நேரமே, நடுப்பகுதியிலும் மேற்கிலும் அப்படியல்ல. கிராமிய இசைக்குப் பேர்போன இந்நகரில், 1925இல் தொடங்கிய வானொலி இசை நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. பூங்கா ஒன்றில் ஏதென்ஸ் நகரின் பார்த்தினன் கோவிலை அதே அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே 42 அடி அதீனா தேவி சிலை உண்டு. நகரின் மேற்கே ஸ்ரீ கணேசர் ஆலயம் இருக்கிறது. ஒரு வாரம் வெளிச்சாப்பாட்டில் அலைந்த குடும்பத்துக்கு அங்கே மனம் குளிரும்.

அமெரிக்காவிலேயே குர்திய மக்கள் அதிகமாக வாழும் நகரமும் நாஷ்வில்தான். 1970களிலிருந்து ஈராக்கைவிட்டு அகதிகளாக வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமே இவர்கள். நோலன்ஸ்வில் வீதியில் அவர்களுடைய கடைகளில் சூடான ரொட்டி வாங்கலாம். எம்மைப்போலவே வந்தவர்கள் எப்படி ஒரு தெருவைத் தமதாக்கினர் என்று பார்ப்பதும் ஒரு படிப்புத்தான்.

ஆற்றங்கரை: நாள் 8 முதல் 11 வரை

நாஷ்விலிலிருந்து மெம்பிஸ் சுமார் 340 கிலோமீற்றர். எல்விஸ் பிரெஸ்லியின் மாளிகை இங்கே உள்ளது, கட்டணம் அதிகம். சின்னஞ்சிறுசுகளுக்குப் பீபொடி விடுதிக்குப் போங்கள். காலை 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் வாத்துகள் கம்பள விரிப்பில் வரிசையாக நடப்பதைப் பார்க்கப் பணம் வேண்டாம்.

ஆனால் மெம்பிஸுக்குப் போக முக்கிய காரணம், 1991இல் திறக்கப்பட்ட குடியுரிமைப் போராட்ட அருங்காட்சியகம். 1968 பெப்ரவரியில் குப்பை வண்டிக்குள் நசுங்கி இரு தொழிலாளர்கள் இறந்தனர். கறுப்பினத் துப்பரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளைத் தாங்கி வீதியில் நடந்தனர். அவர்களுக்குத் துணையாக வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4ஆம் திகதி லொறேன் விடுதியின் மாடி விறாந்தையில் சுடப்பட்டு இறந்தார். அந்த விடுதியே இன்று அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமைகளில் பூட்டியிருப்பது வழக்கம் என்பதால் நாளைப் பார்த்துப் போங்கள்.

பத்தாம், பதினோராம் நாட்கள் திரும்பும் வழிக்கு. சுமார் 1,600 கிலோமீற்றரை ஒரே மூச்சில் ஓட முயலாதீர்கள்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. தென்பகுதியில் கீரையையும் பயறுவகைகளையும் பன்றி இறைச்சி போட்டு அவிப்பது வழக்கம். சைவக்காரர் கேட்டே வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் உள்ள விலையோடு ஏறத்தாழ 10 வீத விற்பனை வரியும் சேரும்.

எம் பிள்ளைகளில் பலர், பெற்றோர் பட்ட துன்பம் உலகில் வேறெவர்க்கும் நேராதது என்றோ, அல்லது அது தமக்குச் சம்பந்தமில்லாத பழங்கதை என்றோ எண்ணி வளர்கின்றனர். செரோக்கி ஊரிலும் மெம்பிஸிலும் நிற்கும்போது இரண்டும் சரியல்ல என்று அவர்களுக்கே தோன்றும். வீட்டில் எத்தனை முறை சொன்னாலும் வராத கேள்விகள் அங்கே வரும். காரில் திரும்பும் இரண்டு நாளும் அவற்றுக்குப் பதில் சொல்லப் போதுமான நேரம்.

போய் வந்தவர்கள் எமக்கு எழுதுங்கள். நல்ல விடுதி, மலிவான சாப்பாடு, பிள்ளைகள் கேட்ட கேள்வி, எதுவானாலும் அடுத்துப் போகும் குடும்பத்துக்கு உதவும்.