மைதானத்துக்கு எந்தப் பக்கம் வாசல்?

புது நகருக்கும் நம் காலனிக்கும் நடுவே, மனைப்பிரிவு போட்டபோது பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய நிலம் சீமைக் கருவேல முள்ளும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கிறது. அதில் சிறுவர் விளையாட்டு மைதானமும், ஒரு மூலையில் ஸ்கேட்டிங் பூங்காவும் அமைக்கலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. எழுந்த வேகத்தில் ஆட்சேப மனுவும் தயாராகிவிட்டது. சத்தம் வரும், இரவில் குடிப்பார்கள், பிள்ளைகள் விழுந்து கை கால் முறியும், வண்டிகள் தெருவை அடைக்கும் என்கிறது மனு. கடைசியில் ஒரு வரி: ‘வெளியாட்கள் வருவார்கள்.’

யார் இந்த வெளியாட்கள்? மனைப்பிரிவு வருவதற்கு முன்பிருந்தே பக்கத்தில் குடியிருக்கும் மக்களின் பிள்ளைகள். முள்ளுக்கு நடுவே கொஞ்சம் நிலத்தைச் செதுக்கி, கபடிக்குக் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருப்பவர்கள்.

மற்றக் கவலைகளை நாம் ஏளனம் செய்யவில்லை. வேலை முடிந்து வருகிறவருக்கு அமைதி வேண்டும். முதியவர்களுக்குத் தூக்கம் வேண்டும். தகரத்தாலும் பலகையாலும் செய்த சரிவுகளைவிடக் கான்கிரீட் சரிவில் சத்தம் குறைவு. அதை வீட்டுச் சுவரை ஒட்டாமல் சாலைப் பக்கமாக அமைக்கலாம். இரவு எட்டரைக்கு விளக்கை அணைத்துவிடலாம். குடிப்பவர்கள் இப்போதே வருகிறார்கள். இருட்டும் ஆளில்லாத வெட்டவெளியும்தான் அவர்களை அழைக்கின்றன. விளக்கும் கழிப்பறையும் ஒரு காவலாளும் இருந்தால் அவர்கள் வேறிடம் தேடுவார்கள். தலைக்கவசம், முழங்கால் உறை, சின்னப் பிள்ளைகளுக்குத் தனி இடம், மழைநீர் தேங்காத வடிகால், இவையெல்லாம் பொறியாளர் வரைபடத்தில் தீரக்கூடிய விஷயங்கள். ‘வெளியாட்கள்’ என்ற கவலையை மட்டும் எந்த வரைபடத்தாலும் தீர்க்க முடியாது. அதற்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

பொதுச் சாலை, பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடம் எதிலும் ஒடுக்கப்பட்டோரைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். அரசு நிதியில் பராமரிக்கப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுச் சொத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. நிலமும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக உள்ள பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அப்படிக் கொடுத்தபின் அது நகராட்சியின் நிலம். மனை வாங்கியவருக்கு உள்ள உரிமைதான் மனை வாங்க முடியாதவருக்கும்.

ஆனால் இன்று யாரும் பலகை எழுதி வைத்துத் தடுப்பதில்லை. வாசலைப் புது நகர்ப் பக்கம் மட்டும் வைப்பார்கள். காலனிப் பக்கம் உயரமான சுற்றுச்சுவர் எழும்பும். பராமரிப்புச் செலவு என்று நுழைவுக் கட்டணம் வரும். பிறகு உறுப்பினர் அட்டை. சாவி நலச் சங்கச் செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கும். தீண்டாமை என்று சொன்னால், “எங்கே சார் அப்படி எழுதியிருக்கிறது?” என்று கேட்பார்கள். எழுதியிருக்காது. கட்டியிருக்கும்.

கவலை காலனியிலும் இருக்கிறது. அதை யாரும் மனுவாக எழுதவில்லை என்பதால் இல்லையென்று ஆகிவிடாது. “ஸ்கேட்டிங் வந்தா கபடிக்கு இடம் போயிரும்” என்கிறார்கள் இளைஞர்கள். “பசங்களுக்குள்ள வாய்ச்சண்டை வந்தாலும் போலீஸ் நம்ம தெருவுக்குத்தான் வரும்” என்கிறார்கள் தாய்மார்கள். அனுபவம் அப்படிப் பேச வைக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி அடையாளக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். அவிழ்த்த கைகள் சேர்ந்து விளையாட இடம் எங்கே?

ஸ்கேட்டிங் பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடமும் இருக்கிறது. மாமல்லபுரத்தில் மீனவர் குடியிருப்பில் வளர்ந்த சிறுமி கமலி ஸ்கேட்போர்டில் ஏறியதும், அவரைப் பற்றிய ஆவணப்படம் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதும் அந்த எண்ணத்தைக் கலைக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் ஜன்வார் என்றொரு கிராமம். ஆதிவாசிகளும் யாதவர்களும் தனித்தனிக் குடியிருப்புகளில் வாழும் ஊர். 2015-ல் அங்கே ஒரு ஸ்கேட்டிங் பூங்கா கட்டப்பட்டது. அதற்கு இரண்டே விதிகள்: பள்ளிக்குப் போகாதவர்களுக்கு ஸ்கேட்டிங் கிடையாது, பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே சரிவில் விழுந்து எழுந்தார்கள். அங்கே பழகிய கோண்டு பழங்குடிப் பெண் ஆஷா கோண்டு 2018-ல் சீனாவின் நாஞ்சிங்கில் நடந்த உலகப் போட்டியில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்டார். ஒரு பூங்காவால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், பிள்ளைகள் சேர்ந்து விளையாட முதலில் ஓர் இடம் தேவை என்பதற்கு ஜன்வார் சாட்சி.

எனவே திட்டம் வேண்டும் என்றுதான் நாம் சொல்கிறோம், சில நிபந்தனைகளோடு. வரைபடம் இறுதியாகும் முன் காலனியிலும் ஒரு கூட்டம் நடத்த வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவில் வாசல் வேண்டும். கபடிக்களம் அதே இடத்தில், சமன் செய்த செம்மண் தரையோடு இருக்க வேண்டும். கட்டணம் கூடாது. பலகையும் தலைக்கவசமும் மைதானத்திலேயே பொதுவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்க முடிந்தவர் விளையாட, மற்றவர் வேலியோரம் நின்று பார்ப்பார்கள். மாலையில் பெண் பிள்ளைகளுக்கென்று நேரம் வேண்டும். சாவி நகராட்சி ஊழியரிடம் இருக்க வேண்டும்.

2022 முதல் நகர்ப்புறங்களில் பகுதி சபாக் கூட்டங்கள் நடக்கின்றன. நலச் சங்கத்தார் தவறாமல் போகிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டுப் போக முடியாத நம்மவர்கள் போவதில்லை. நாம் இல்லாத கூட்டத்தின் முடிவு ‘பகுதி மக்களின் கருத்து’ என்று பதிவாகிறது. அடுத்த கூட்டத்துக்குத் தெருவுக்கு இருவராவது போவோம். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பேசியது தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வர வேண்டாம். சுவர் எழும்பிய பிறகு வாசல் கேட்பது கடினம். இப்போது அங்கே முள் மட்டும்தான் இருக்கிறது.