இரண்டாம் இல்லமும் சிவப்பு அட்டையும்

150,000 அமெரிக்க டாலரை மலேசிய வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். குறைந்தது 6 லட்சம் வெள்ளிக்கு ஒரு வீடு வாங்க வேண்டும். வயது 25 ஆகியிருக்க வேண்டும். இவ்வளவு இருந்தால் 'மலேசியா எனது இரண்டாம் இல்லம்' திட்டத்தின் 'சில்வர்' பிரிவில் 5 ஆண்டு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 5 லட்சம் டாலர் போட்டால் 'கோல்ட்', 15 ஆண்டு. 10 லட்சம் டாலர் போட்டால் 'பிளாட்டினம்', 20 ஆண்டு. 2024இல் நடப்புக்கு வந்த விதிகள் இவை. துணைவர், பிள்ளைகள், பெற்றோர் என்று குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வரலாம். மலாய் பேசத் தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாரம் நிரப்பத் தெரியாதே என்ற கவலையும் வேண்டாம். அரசிடம் உரிமம் வாங்கிய முகவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள்.

1996இல் 'சில்வர் ஹேர்' என்ற பெயரில் இது தொடங்கியபோது நோக்கம் வெளிப்படையாகவே இருந்தது: பணி ஓய்வு பெற்ற வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வந்து மிச்சக் காலத்தைக் கழிக்கட்டும். 2002இல் பெயர் மாறியது. ஜப்பானியர், பிரிட்டிஷ்காரர், சீனர் என்று நிறையப் பேர் வந்தார்கள். வெயில் இருக்கிறது, சாப்பாடு மலிவு, ஆங்கிலம் பேசிச் சமாளிக்கலாம், தனியார் மருத்துவமனைகள் நல்லா இருக்கு. வயதான காலத்தில் மனுஷனுக்கு வேறு என்ன வேணும்?

அந்த வயதானவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து ரசம் கேட்டு வாங்கிக் குடிக்கிற வெள்ளைக்காரத் தாத்தாவைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். என் சண்டை அவரோடு இல்லை. இந்த நாட்டில் நிம்மதியாக முதுமை அடையும் உரிமை யாருக்கு என்று முடிவு செய்கிற கணக்கோடுதான். அந்தக் கணக்கை நியாயம் என்று நம்பிப் பேசுகிற நம்ம ஆட்களோடும்தான்.

கிள்ளானில், பந்திங்கில், கோல சிலாங்கூரில் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்தில் பால் வெட்டி, தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறியபோது ஏதோ ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் போய் விழுந்த பாட்டிகளை உங்களுக்குத் தெரியும். அவர்களில் சிலரிடம் இன்னும் சிவப்பு ஐசிதான் இருக்கிறது. நிரந்தரவாசி. பெயரிலேயே 'நிரந்தரம்' இருக்கிறது. ஆனால் ஓட்டு இல்லை. மலேசியக் கடப்பிதழ் இல்லை. குடிமக்களுக்கு என்று வரும் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இல்லை. பேரப்பிள்ளைகள் ரஹ்மா உதவிப் பணத்தைப் பற்றிப் பேசும்போது பாட்டி மட்டும் வேறு நாட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இதைச் சொன்னதும் நம் ஆட்களிடமிருந்து ஒரு பதில் வரும். "அப்பவே பதிஞ்சிருக்கணும். படிக்காததால வந்த வினை." படித்தவர்கள், பட்டதாரிகள், இலக்கியம் வாசிக்கிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான்.

மெர்டேக்கா நேரத்தில் ஒரு சலுகை இருந்தது உண்மை. இங்கேயே பிறந்தவர்கள் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய் மொழித் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம். அதைப் பயன்படுத்தியவர்கள் தப்பித்தார்கள். விட்டவர்கள் விட்டார்கள். சரி, பிறப்புப் பத்திரம் என்றால் என்னவென்று தெரியாத ஒரு கூலிக் குடும்பம், விடிகாலையில் பெரட்டுக்குப் போய் மதியம்வரை மரம் வெட்டும் குடும்பம், எந்த அலுவலகத்தைத் தேடிப் போயிருக்கும்? பாரம் நிரப்பத் தெரியாத பணக்காரனுக்கு முகவர் இருக்கிறார். அவனுடைய அறியாமைக்குச் சேவைக் கட்டணம் கட்டினால் போதும். பாட்டியின் அறியாமைக்கு மட்டும் தண்டனை ஆயுள் முழுக்க. அறியாமைதான் குற்றம் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை இருக்க வேண்டாமா?

மொழித் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வேண்டுமென்றால் போதுமான மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். பாட்டிக்கு மலாய் தெரியாமல் இல்லை. ஐம்பது வருஷமாகப் பசாரில் மீன்காரரிடம் அந்த மொழியில்தான் பேரம் பேசுகிறார். நேர்காணலில் கேட்கப்படும் மலாய் வேறு. 2018இல் ஆட்சி மாறியபோது, 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குத் தேர்வு இல்லாமல் குடியுரிமை தரப்படும் என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். நல்ல அறிவிப்புதான். ஆனால் கவனியுங்கள்: அது ஓர் அரசாங்கம் மனமிரங்கிச் செய்த காரியமாக வந்தது. வைப்புத்தொகைக்காரருக்கு விதி இருக்கிறது, அட்டவணை இருக்கிறது. பாட்டிக்குத் தேர்தல் வாக்குறுதி இருக்கிறது.

"விசா வேற, குடியுரிமை வேற. ரெண்டையும் ஏன் குழப்புற?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டாம் இல்லக்காரருக்கும் ஓட்டு கிடையாது, அவர் குடிமகனும் ஆகிவிடுவதில்லை. சட்டப்படி பார்த்தால் சிவப்பு அட்டை அவருடைய விசாவைவிடக் கெட்டியானது. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு நாடு இருக்கிறது. ஓய்வூதியம் அனுப்புகிற, கடப்பிதழ் தருகிற, நாளைக்கு ஏதாவது ஆனால் திரும்பிப் போகக்கூடிய முதல் வீடு இருக்கிறது. அதனால்தான் அவருக்கு இது இரண்டாம் வீடு. பாட்டிக்கு இதுதான் முதல் வீடு, இதுதான் கடைசி வீடும். அதில் அவர் விருந்தாளியாக இருக்கிறார்.

இந்தக் கணக்கு புதிதும் இல்லை, வெள்ளைக்காரனோடு மட்டும் சம்பந்தப்பட்டதும் இல்லை. தமிழனுக்குள்ளேயே இருந்த கணக்கு இது. பிரிக்ஃபீல்ட்ஸும் செந்தூலும் ரயில்வேயைச் சுற்றி வளர்ந்த இடங்கள். மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்துக்காரர்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் கிராணிகளாக வந்தார்கள். வேலைக்காலம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பி, மாதாமாதம் வந்த ஓய்வூதியத்தில் கல்வீடு கட்டி, 'மலாயன் பென்சனியர்' என்ற மரியாதையோடு வாழ்ந்தார்கள். வெளிநாட்டில் உழைத்து ஓய்வு பெற்ற தமிழன் என்ற பாத்திரம் நமக்கு அப்போதே அறிமுகம்.

அதே காலத்தில் அதே ரயில் பாதைக்குக் கல் உடைத்தவனுக்கும், கிள்ளானில் ரப்பர் மரம் வெட்டியவனுக்கும் என்ன கிடைத்தது? வேலை போனால் லயத்து வீடும் போகும். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வயதாகி உடம்பு முடியாமல் போனவர்களுக்கும் அதே வழிதான். கிராணிக்குப் பென்சன், கூலிக்குக் கப்பல் சீட்டு.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை இன்று படித்தாலும் உடம்பு சிலிர்க்கும். சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் கேட்டார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். அதை முன்னெடுத்த ஆர்.எச். நாதனை அரசு கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தியது. உழைக்கும்வரை ஆள் இந்த ஊர்க்காரன். கேள்வி கேட்டால் அந்நியன்.

1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்ற சட்டம் கெடுபிடியானது. பல ஆண்டுகள் இங்கேயே உழைத்த தமிழர்கள் பல்லாயிரம் பேர் இந்தியா போனார்கள். தங்களைக் கொண்டுவந்த அதே கடல்வழியில், பலர் அதே 'ரஜூலா' கப்பலில். போகாமல் இருந்துவிட்டவர்களில் சிலர்தான் இன்றைய சிவப்பு அட்டைப் பாட்டிகள்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நான் அடுக்குமாடிகளுக்குக் குளிர்சாதனமும் குழாயும் வடிவமைக்கிற பொறியாளன். கே.எல். சென்ட்ரலைச் சுற்றி நிற்கிற கோபுரங்கள் பழைய ரயில்வே நிலத்தில் எழும்பியவை. இந்த மாதிரிக் கட்டடங்களின் விளம்பரத் தாள்களில் 'இரண்டாம் இல்லம்' என்ற வார்த்தையை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டுகிறவர்கள் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள், நேபாளிகள். அவர்கள் தூங்குவது கொங்சியில். தொழிலாளர் விடுதியில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் தூங்கும் இடம் இருந்தால் போதும் என்கிறது நம் விதிமுறை. நான் வரைகிற மாஸ்டர் பெட்ரூமின் குளியலறை அதைவிடப் பெரியது.

இவர்களுக்கான விதிகளையும் பாருங்கள். புதிதாக வர 45 வயதுக்குள் இருக்க வேண்டும். பெர்மிட் பொதுவாகப் பத்து ஆண்டுதான். மனைவியைக் கூட்டி வரக்கூடாது. வேலை செய்யும் பெண் கர்ப்பமானால் திருப்பி அனுப்பப்படுவாள். சேமநிதியில் இவர்களையும் கட்டாயமாகச் சேர்த்தது 2025 அக்டோபரில்தான். முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. எனக்கு என் முதலாளி 12, 13 விழுக்காடு கட்ட வேண்டும் என்கிறது அதே சட்டம். ஆக, இளமை வேண்டும், முதுமை வேண்டாம். என் கொள்ளுத்தாத்தா காலத்து ஏற்பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கொள்ளுத்தாத்தாவுக்குச் சம்சாரத்தையாவது கூட்டி வர முடிந்தது.

"அவங்க பணம் கொண்டு வர்றாங்க, நாட்டுக்கு நல்லதுதானே?" என்பது அடுத்த வாதம். பணம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரின் துறைமுகம், ரயில் பாதை, ரப்பர், கட்டடம் எல்லாம் எவன் கொண்டு வந்தது? உழைப்பை வைப்புத்தொகையாக எந்த வங்கியும் ஏற்றுக்கொள்வதில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடுமா? 2021இல் இரண்டாம் இல்லத் திட்டத்துக்கு மாதம் 40,000 வெள்ளி வருமானம் வேண்டும் என்று விதியை ஏற்றியபோது எத்தனை பேர் கொதித்தார்கள்! வயதானவர்களை இப்படி நடத்தலாமா என்று ஆங்கிலப் பத்திரிகைகளில் கட்டுரைகள். ஜொகூர் சுல்தானே மறுபரிசீலனை செய்யச் சொன்னார். விதி தளர்ந்தது.

2024 அக்டோபரில் இன்னொன்று நடந்தது. மலேசியத் தாய்மார்களுக்கு வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்குக் குடியுரிமை தரும் திருத்தத்தை மக்களவை நிறைவேற்றியது. பல ஆண்டு போராட்டத்தின் வெற்றி அது. அதே திருத்தத்தில் இன்னொரு வரியும் போனது. பெற்றோரில் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலே இங்கே பிறக்கும் குழந்தை தானாகக் குடியுரிமை பெறும் என்ற வரி. இனி பிறக்கும் குழந்தைகளுக்கு அது இல்லை. சிவில் அமைப்புகள் எதிர்த்தன. நம் இலக்கிய வட்டத்தில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? வாட்சப் குழுக்களில் விருதுச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக நம் மொழி. வெள்ளைக்காரர் வந்தால் 'எக்ஸ்பாட்', வங்காளதேசி வந்தால் 'பங்களா'. அரசாங்க மலாயிலும் இவர் 'பெகாவாய் டாகாங்', அவர் 'பெக்கெர்ஜா ஆசிங்'. 'டாகாங்' என்ற சொல்லுக்குப் பழைய மலாயில் ஊர் விட்டு ஊர் வந்து அலைபவன் என்றும் பொருள் உண்டு. அந்த அர்த்தத்தில் பார்த்தால் கொங்சியில் தூங்குபவனும் டாகாங்தான், மரம் வெட்ட வந்த நம் ஆளும் டாகாங்தான். ஆனால் பெயர் சம்பளத்தைப் பார்த்து ஒட்டப்படுகிறது. நாளைக்கு நாமே பெர்த்துக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போவோம். அங்கே போய் 'நான் எக்ஸ்பாட்' என்று அறிமுகம் செய்துகொள்வோம். நம் தாத்தாவைப் பற்றிக் கவிதை எழுதும்போது மட்டும் 'புலம்பெயர்ந்த கூலி' என்று கண்ணீர் விடுவோம். தோட்டத்து வலியை எழுதி எழுதி விருது வாங்கிய மொழியில், இன்றைய கொங்சியைப் பற்றி எத்தனை கதை இருக்கிறது?

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. இங்கே உழைத்து முதிர்ந்த எவருக்கும் இங்கேயே முதுமையைக் கழிக்க உரிமை வேண்டும். 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டைக்காரர்களுக்கு மொழித் தேர்வு கிடையாது என்று சட்டமாகவே எழுதுங்கள், அறிவிப்பாக வேண்டாம். பத்து வருஷம் இங்கே கட்டடம் கட்டியவனுக்கு, விரும்பினால் தங்குவதற்கு ஒரு வழி திறந்து வையுங்கள். அதற்கும் நிபந்தனை போடுங்கள், அட்டவணை போடுங்கள், சில்வர் என்றோ கோல்ட் என்றோ பெயர் வைத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை என்ற இடத்தில் அவன் உழைத்த வருஷங்களை எழுதட்டும்.

நம்மால் உடனே செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை யாராவது சிவப்பு ஐசியைப் பற்றி "அப்பவே பதிஞ்சிருக்கணும்" என்று சொன்னால், தலையாட்டிவிட்டு நகராதீர்கள். எங்கே போய், யாரிடம், எந்த மொழியில் பதிந்திருக்க வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள்.