நிற்கும் வண்டியும் தேயும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மூடிவைத்த பைக்குகள் மீண்டும் தெருவுக்கு வரும் நாட்களில், மெக்கானிக் கடைகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "ரெண்டு மாசமா வண்டியை எடுக்கவே இல்லையே, அப்புறம் எப்படிக் கெட்டுப்போச்சு?" எடுக்காததால்தான் கெட்டது. ஓடும் வண்டிதான் தேயும், நிற்கும் வண்டி அப்படியே இருக்கும் என்று நம்புகிறோம். பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் முழுவதும் பைக்கை மூடி வைப்பார்கள். அதற்கென்று ஒரு முறையும் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பனிக்காலம் இல்லை. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை உண்டு. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவரின் வண்டியும், வெளியூர் விடுதியில் சேர்ந்த மாணவரின் வண்டியும் மாதக்கணக்கில் நிற்கின்றன. வண்டியை நிறுத்தி வைப்பதும் ஒரு பராமரிப்பு வேலைதான். அதை நாம் இன்னும் பழகிக்கொள்ளவில்லை.

நிற்கும் வண்டியின் முதல் எதிரி ஈரம். டேங்கில் பாதி பெட்ரோல் இருந்தால் மீதி இடத்தில் காற்று இருக்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் இரும்புச் சுவரில் துளிகளாகப் படியும். துரு அங்கேதான் தொடங்கும். இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. உறிஞ்சிய நீர் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு எரிபொருள் போவதும் அந்த அடியிலிருந்துதான். கார்புரேட்டர் வண்டியானால் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற கசடை விட்டுச் செல்லும். ஊசிமுனை அளவேயான ஜெட் துளையை அடைக்க அந்தக் கசடு போதும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ள, செயினும் பிரேக் டிஸ்க்கும் சில வாரங்களிலேயே பழுப்பேறும்.

இரண்டாவதாகக் கெடுவது பேட்டரி. பைக்கின் 12 வோல்ட் பேட்டரி மிகச் சிறியது. எந்த வேலையும் செய்யாமல் இருந்தாலும் அதன் சார்ஜ் தானாகக் குறையும். வெயில் ஏற ஏற அந்த வேகமும் கூடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிமுறை வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் மின்னணு எரிபொருள் செலுத்தும் அமைப்பு இருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் கடிகாரமும் கட்டுப்பாட்டுக் கருவியும் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகம் இறுகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு திரும்பாது. முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டிய பேட்டரி 12.4-க்குக் கீழே இறங்கினால், உடனே சார்ஜ் ஏற்றுவதுதான் அதைக் காப்பாற்றும்.

"வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?" என்று பலரும் கேட்பார்கள். ஊருக்குப் போகிறவர் தம்பியிடம் சொல்லிவிட்டுப் போவதும் இதைத்தான். நல்லெண்ணத்தில் செய்வதுதான்; ஆனால் பலன் பெரும்பாலும் நேர்மாறானது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாக வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் அந்தச் சூடு வராது. நீர் சைலன்சருக்குள்ளும் இன்ஜின் ஆயிலிலும் தங்கும். செல்ஃப் ஸ்டார்ட் எடுத்துக்கொண்ட மின்சாரத்தைக்கூட ஐடிலிங்கில் ஓடும் இன்ஜின் முழுதாகத் திருப்பித் தராது. ஓட்ட முடியுமானால் இருபது நிமிடமாவது சாலையில் ஓட்டலாம். முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் முறையாக மூடி வைப்பதே மேல்.

அந்த முறைக்கு ஒரு பிற்பகல் போதும். வண்டியைக் கழுவி முழுக்கக் காயவிட வேண்டும். கறுத்துப்போன ஆயிலில் அமிலமும் ஈரமும் கலந்திருக்கும் என்பதால், நிறுத்துவதற்கு முன்பே புது ஆயில் மாற்றிச் சிறிது தூரம் ஓட்டிவர வேண்டும். டேங்கை நிரப்ப வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் திருகை மூடிக் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். செயினுக்கு எண்ணெய் பூசி, டயர்களில் காற்றைச் சரியாக வைத்து, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். காற்றுப் புகும் துணி உறையே நல்லது. எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.

டேங்க் நிறையப் பெட்ரோலுடன் வண்டியை வீட்டில் வைப்பது ஆபத்தில்லையா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் காலியாகத் தோன்றும் டேங்கிலும் தீப்பற்றக்கூடிய ஆவி இருக்கும். எப்படி வைத்தாலும் அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாத, காற்றோட்டமுள்ள இடம்தான் தேவை. தரைத்தளத்தில் வைப்பவர்கள் இடத்தின் உயரத்தையும் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நின்ற இடத்திலேயே மூழ்கின. மூழ்கிய வண்டியை உடனே ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்திச் சுருக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இதெல்லாம் பணமுள்ளவரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. விலையுயர்ந்த பைக் வைத்திருப்பவருக்குப் புதுப் பேட்டரி ஒரு சிறு செலவு. கூரியர் கொண்டுபோகிறவருக்கும், காய்கறிக் கூடையைப் பின்னால் கட்டிச் செல்பவருக்கும் அது பல நாள் வருமானம். எனவே இந்த அறிவு கையேட்டின் கடைசிப் பக்கங்களில் முடங்கிக் கிடக்கக் கூடாது. சாவியைக் கொடுக்கும் நாளிலேயே விற்பனையாளர் இதைத் தமிழில் சொல்லித் தர வேண்டும். செப்டம்பர் சர்வீஸில் மெக்கானிக் நினைவூட்ட வேண்டும். நாளும் நம்மைச் சுமக்கும் வண்டிக்கு, அதை நிறுத்தும் முன் அரை நாள் கொடுக்கலாம்.