கட்டி வைக்க இயலாத செல்வம்

பசுவைத் தொழுவத்திற் கட்டலாம். கோழியைக் கூட்டில் அடைக்கலாம். தேனீயையோ அவ்விதம் அடைத்து வளர்த்தல் எவராலும் இயலாது. பெட்டியின் வாயில் எந்நேரமும் திறந்தே இருக்கும். அடிக்கடி தொந்தரவு செய்தாலும், எறும்பு புகவிட்டாலும், பட்டினி போட்டாலும், நம் நாட்டுத் தேனீக் குடும்பம் இராணியோடு புறப்பட்டுப் போய்விடும். ஆகவே, தேனீ வளர்ப்போர்க்குப் பணத்தைவிட முதலில் வேண்டுவது நிதானமே.

தேன் கிடைக்கும், நாலு காசு சேரும், தோட்டத்து மரங்கள் கூடுதலாகக் காய்க்கும் என்றெண்ணியே பலரும் இத்தொழிலில் இறங்குகின்றனர். அதிற் குற்றமில்லை. ஆயினும், முற்காலத்தில் தேனெடுத்தல் பெரும்பாலும் கொலைத் தொழிலாகவே இருந்தது. தீப்பந்தத்தால் ஈக்களைத் துரத்தி, அடையை அறுத்து, குஞ்சுகளோடு சேர்த்துப் பிழிந்தனர். இதற்கு மாற்று வழி காட்டியவர்களுள் முக்கியமானவர் லாங்ஸ்ட்ரோத் என்னும் அமெரிக்கப் பாதிரியார். ஏறத்தாழ 3/8 அங்குல இடைவெளி விட்டால் தேனீக்கள் அதனை அடைப்பதில்லை என்பதைக் கொண்டு, தூக்கி எடுக்கத்தக்க சட்டங்களையுடைய பெட்டியை 1851-ம் ஆண்டில் அவர் அமைத்தார். குஞ்சுகள் வாழும் கீழறையைக் குலைக்காமல், மேலறைத் தேனை மாத்திரம் எடுக்க இதனால் வழி பிறந்தது.

நமது சிறிய தேனீக்கு ஏற்ற பெட்டியைத் தமிழகத்தில் அமைத்தவர் நியூட்டன் சுவாமியார். 1911 முதல் 1917 வரை அவர் கிராமத்தாருக்கு இக்கலையைப் பயிற்றினார். பின்னர், 1924-ல் மார்த்தாண்டத்தில் தொடங்கிய வை.எம்.சி.ஏ. கிராம நிலையம் இதனை ஏழைக் குடும்பங்களின் உபதொழிலாகப் பரப்பிற்று. இலங்கையில், பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு உண்டு.

தேனீ கொட்டுவது கூட்டைக் காப்பதற்காகவே. கொட்டியதும் கொடுக்கை நம் தோலில் விட்டுத் தானும் மடிகிறது. அப்போது வாழைப்பழ மணத்தை ஒத்த வாசனையொன்று எழுந்து, ஏனைய ஈக்களையும் போருக்கு அழைக்கும். ஆதலாற் பெட்டியருகே கையை வீசுதலும், ஈக்கள்மேல் மூச்சு விடுதலும் ஆகா. இலேசாகப் புகை காட்டினால் அவ்வாசனை மறையும்; ஈக்களும் தேனை உறிஞ்சிக்கொண்டு சாந்தமடையும்.

முகத்துவாரம் போன்று வீடுகள் நெருங்கிய இடங்களிலே சுவரிடுக்கிலோ கூரையடியிலோ தேனீக்கள் குடியேறினால், உடனே மண்ணெண்ணெய் தேடுவோர் உளர். குழந்தைகள் உள்ள வீட்டில் அச்சம் நியாயமானதே; தேனீ கொட்டுதல் ஒவ்வாத சிலருக்கு உயிராபத்தும் நேரலாம். ஆனால், தீயால் வெருண்ட ஈக்கள் அயல்வீட்டாரையும் அல்லவா தாக்கும்? குழந்தைகளை அப்பால் வைத்துவிட்டு, பழகிய ஒருவரை அழைத்து, அடைகளோடு குடும்பத்தைப் பெட்டிக்கு மாற்றுவிப்பதே புத்தி.

அவ்விதம் குடியேற்றிய பின்னரும் பேராசை கூடாது. ஒரு வேலைக்காரத் தேனீ ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்க்கும் தேன் ஒரு தேக்கரண்டியும் நிரம்பாது. பூக்கள் அருகிய மாதங்களில் அதுவே அவற்றின் உணவு. அவற்றின் பங்கை விட்டு, மிகுந்ததை எடுப்பதே முறை.