நூறோடு வயசைக் கூட்டு!

எங்கள் பூங்காவின் நடைப்பயிற்சிக் கூட்டத்துக்குப் போன மாதம் ஓர் இயற்கை வாழ்வியல் பேச்சாளர் வந்தார். மைக்கைப் பிடித்ததும் இருபது வருடமாகக் கேட்டுக் காது புளித்த அதே மந்திரம்: "உங்க வயசோட நூறைக் கூட்டுங்க. அதுதான் உங்க பிபி. மத்ததெல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் கட்டின கதை!" ஒரே கைதட்டல். வாசல் மேசையில் அருகம்புல் சாறு பாட்டில்கள் விலைச்சீட்டோடு காத்திருந்தன.

அவர் சொன்னவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

"தலைசுற்றல் இல்லை, தலைவலி இல்லை, அப்புறம் என்ன பிபி?" உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலோரிடம் அறிகுறியே காட்டாது. கறையான் என்ன, கதவைத் தட்டிவிட்டா நுழைகிறது?

"இந்துப்புக்கு மாறுங்கள்." அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மாறுவது நிறமும் விலையும்.

"மாத்திரையைத் தொட்டால் ஆயுசுக்கும் விட முடியாது." சாறு மட்டும் எத்தனை நாளைக்காம்? ஆயுள் முழுக்க, வெறும் வயிற்றில்.

இனி அந்த நூறுக்கு வருவோம். அதை டாக்டர்களே நம்பிய காலம் ஒன்று இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1937-இல் 162/98. வயது 55, கணக்குப்படி 155. ஏழு கூடினால் யாருக்கு என்ன? 1941-இல் 188/105. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் புரூன் சோதித்தபோது இதயமே வீங்கித் தளர்ந்திருந்தது. சொந்த மருத்துவர் மெக்கின்டயரோ, வயதுக்கு உடம்பு நன்றாகவே இருப்பதாகப் பத்திரிகைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12, ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியத்துக்காக உட்கார்ந்திருந்தவர், பின்மண்டை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சரிந்தார். அப்போது அளந்தது 300/190. மூளையில் ரத்தக்கசிவு. அன்றே உயிர் போனது, வயது 63. உலகப் போரை நடத்தியவருக்குக் கொடுக்க அன்று உருப்படியான மாத்திரை ஒன்றுகூட இல்லை. இன்று அது நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதை வேண்டாம் என்கிறது மேடை.

கம்பெனிச் சதியா? 60 வயது தாண்டி, மேல் அளவு 160-க்குக் குறையாதவர்களுக்கு, அதாவது மந்திரத்தின்படி நார்மலாக இருந்த பலருக்கும் சேர்த்து, அமெரிக்க அரசு நிறுவனங்களின் பணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. முதலில் கொடுத்தது குளோர்தாலிடோன் என்ற மலிவான பழைய நீர் மாத்திரை. 1991-இல் முடிவு வந்தது: பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. இவ்வளவு மலிவாகச் சதி செய்கிற முதலாளியை நானும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

என் சித்தப்பா அந்தக் கணக்கைப் பாக்கெட் டைரியில் எழுதியே வைத்திருந்தார்: 64 + 100 = 164. அளந்தபோது 162. "ரெண்டு லாபம்டா!" என்று சிரித்தார். அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை அட்டையில் நாலு குழி காலி. மீதி அப்படியே கிடந்தது. ஒருநாள் காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவரின் வாய் ஒரு பக்கம் கோணியது.

உப்பைக் குறை, மாதம் ஒருமுறை அளந்து பார், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதே. இதற்கெல்லாம் யார் கைதட்டப் போகிறார்கள்?

டைரி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதை எழுதிய வலக்கைக்குச் சட்டைப் பொத்தானைச் சித்திதான் போட்டுவிடுகிறார்.