வாட்ஸ்அப் பதிவேட்டுக்கு யார் பொறுப்பு?

மதுரை வண்டியூரில் சாக்கடை அடைத்துக்கொண்டால் படம் முதலில் போவது வார்டு வாட்ஸ்அப் குழுவுக்குத்தான். மாட்டுத்தாவணி பூ விலை, குடியிருப்போர் சங்கக் கணக்கு, பள்ளி அறிவிப்பு எல்லாமே இன்று போனில்தான். நோட்டுப் புத்தகம் செய்த வேலை செயலிக்குப் போய்விட்டது. அந்தப் பதிவேட்டைக் காத்துவைக்கும் செலவு மட்டும் யார் கணக்கிலும் ஏறவில்லை.

செய்தி சேர்ந்ததும் வாட்ஸ்அப் அதைத் தன் சர்வரில் வைத்திருப்பதில்லை. பழைய உரையாடல் நம் போனிலும் பேக்கப்பிலும்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு பேக்கப்பை 2018 முதல் கூகுள் இலவச இடக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது. 2024இல் அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. இப்போது ஜிமெயில், போட்டோ, பேக்கப் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான், நிறைந்தால் சந்தா.

நிறுவனமே சேமித்து வைக்கட்டுமே என்றாலும் செலவு மறையாது. சோஹோ நிறுவனத்தின் ‘அரட்டை’ செயலியில் நாளொன்றுக்குச் சேர்வோர் 3,000இலிருந்து 3.5 லட்சமாகிவிட்டதாக 2025 செப்டம்பரில் அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். சர்வர் வசதியை அவசரமாகப் பெருக்க வேண்டியிருந்தது. இலவசச் செயலியில் அந்தப் பணத்தை விளம்பரமோ சந்தாவோ வேறு தொழிலின் லாபமோதான் தர வேண்டும்.

உண்மையில் இடத்தை அடைப்பது எது? எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். நூறு குறிகள் கொண்ட ஒரு லட்சம் செய்திகள் 30 எம்பிக்குள் அடங்கும். ஃபார்வேர்டு வீடியோ இரண்டு மூன்று வந்தாலே அந்த அளவைத் தொட்டுவிடும். இந்தியர்களின் காலை வணக்கப் படங்கள் போனை நிரப்புவதைப் பார்த்து, அவற்றைத் தேடி அழிக்கும் வசதியைக் கூகுளே தன் ஃபைல்ஸ் செயலியில் கொடுத்தது. ஆக, நாம் சந்தா கட்டுவது பதிவேட்டுக்காக அல்ல. அதன் மேல் குவிந்த குப்பைக்காக.

பேக்கப்பில் வீடியோவை விலக்கினால் வீட்டுச் செலவு மிச்சமாகும். பொதுக் காரியத்துக்கு அது போதாது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக்க, கருவிக்குப் பொறுப்பானவரின் சான்றிதழைக் கேட்கிறது. குழு அட்மின் போனை மாற்றிவிட்டால் அந்தப் பொறுப்பாளர் யார்?

எனவே, குழுவில் வரும் புகாருக்கு மாநகராட்சி அன்றே எண் கொடுத்துத் தன் பதிவில் ஏற்ற வேண்டும். சங்கங்கள் ஆண்டுக்கொரு முறை கணக்கையும் தீர்மானங்களையும் தனியே எடுத்து, செயலாளர் பொறுப்பில் வைக்க வேண்டும். இதற்குச் சந்தா வேண்டாம். பெயர் சொல்லி ஒருவரைப் பொறுப்பாக்கினால் போதும்.