உந்தப் பெட்டிக்குள்ள குவாண்டம் இல்லை

இணையத்தில் விக்கிற ஒரு பெட்டி இருக்கு. மடிக்கணினியோடு பொருத்திவிட்டு, அதிலிருந்து வரும் உலோகக் கோலை ஒரு நிமிசம் கையில் பிடித்தால் போதுமாம். ஈரல், சிறுநீரகம், எலும்பு, மூளை எல்லாத்துக்கும் பக்கம் பக்கமாக அறிக்கை அச்சாகி வரும். கடைசிப் பக்கத்தில், நீங்கள் வாங்க வேண்டிய போத்தல்களின் பட்டியல். பெட்டியின் பெயரில் 'குவாண்டம்' இருக்கும், 'ரெசொனன்ஸ்' இருக்கும். விளக்கம் கேட்டால், "உடம்பு ஒரு ஹொலோகிராம், ஒரு துண்டில் முழுதும் இருக்கு, கையைப் பிடிச்சால் ஈரல் தெரியும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து விழும். அனுப்புகிறவர் பெரும்பாலும் படிச்ச மனுசர். அதுதான் எங்களுக்கு எரிச்சல்.

ஏனென்றால் குவாண்டம் ஹொலோகிராபி என்பது உண்மையான துறை. பொய் சொல்கிறவர்கள் உண்மையான ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் விக்கினம்.

ஹொலோகிராபியை 1947இல் கண்டவர் டெனிஸ் கேபர். எலக்ட்ரான் நுணுக்குக்காட்டியின் படத்தைத் தெளிவாக்கத்தான் அவர் வெளிக்கிட்டார். 1971இல் நோபல் பரிசு கிடைத்தது. சாதாரணப் புகைப்படம் ஒளியின் செறிவை மட்டும் பதியும். ஹொலோகிராம் அலையின் அவத்தையையும் சேர்த்துப் பதியும். ஏ.எல். பௌதிகத்தில் தலையீடு படித்தவர்களுக்கு இது புதிசில்லை. தகட்டை உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் முழுக் காட்சியும் தெரியும் என்பதும் சரிதான், தெளிவு குறையும், ஒரு சின்ன யன்னலுக்குள்ளால் பார்க்கிற மாதிரி இருக்கும். ஆனால் அது ஏன் தெரியுது? பொருளின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் வந்த ஒளி தகட்டின் ஒவ்வொரு இடத்திலும் விழுந்ததால். உங்கட ஈரலிலிருந்து எந்த அலை வந்து அந்தக் கோலில் விழுந்தது? அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை.

சரி, இப்ப குவாண்டம் பக்கம் வருவம். 2021இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஹியூகோ டெஃபியென், டேனியல் ஃபாச்சியோ குழுவினர் செய்த பரிசோதனை இது. ஒரு லேசர்க் கற்றையைப் பளிங்கு ஒன்றுக்குள் விட்டு, ஒன்றோடொன்று பின்னிய போட்டன் சோடிகளை உண்டாக்கினார்கள். சோடியில் ஒன்று பொருளிடம் போகும், மற்றது வேறு வழியால் போகும். பழைய ஹொலோகிராபியில் இரண்டு கற்றைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழவேண்டும். இங்கே அவை சந்திப்பதே இல்லை. இரண்டும் தனித்தனியாகக் கமராவுக்கு வந்த பிறகு, எது எதோடு சேர்ந்து வந்தது என்று கணக்குப் பார்த்துப் படத்தை எடுக்கிறார்கள். 2014இல் வியன்னாவில் இன்னும் விசித்திரமான வேலை நடந்தது. பொருளைத் தொட்ட ஒளியைக் கமரா பார்க்கவே இல்லை, தொடாத ஒளியில் பூனையின் உருவம் வந்தது.

கிளாஸ்கோக்காரர் படமெடுத்த பொருட்கள் என்ன தெரியுமோ? ஒட்டுநாடா, கண்ணாடித் தட்டில் சிலிக்கோன் எண்ணெய்த் துளிகள், ஒரு பறவையின் இறகு. மருத்துவப் படமெடுப்புக்கு இது ஒரு நாள் உதவும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. உலகத்தின் நல்ல ஆய்வுகூடம் ஒன்று இறகில் நிற்கிறபோது, விறாந்தையில் மேசை போட்டவர் ஈரலுக்குப் போய்விட்டார். அவருடைய பெட்டியில் உண்மையான ஹொலோகிராம் ஒன்று இருக்கலாம்: 'அசல்' என்று மினுங்குகிற அந்த ஸ்டிக்கர்.

குவாண்டம் உங்கட உடம்புக்குள்ளால் ஏற்கனவே போகிற இடம் ஒன்று உண்டு. எம்.ஆர்.ஐ. உடம்பிலுள்ள நீரின் ஐதரசன் கருக்களைக் காந்தத்தால் ஒழுங்குபடுத்தி, வானொலி அலையால் தட்டி, அவை திருப்பித் தருகிற சமிக்ஞையைக் கேட்பதுதான் அது. 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அதைக் குளிர வைக்கத் திரவ ஹீலியம் வேணும். அந்த இயந்திரம் முதலில் சேர்க்கிற தரவில் ஒவ்வொரு புள்ளியும் முழுப் படத்தையும் பற்றிக் கொஞ்சம் சொல்லும், ஹொலோகிராம் தகட்டைப் போலவே. ஜேர்மன் கணிதவியலாளர் வால்டர் ஷெம்ப் இந்த ஒப்புமையைப் பிடித்துத்தான் எழுதினார். பிறகு அப்பலோ 14இல் சந்திரனுக்குப் போன எட்கர் மிட்செல் அதைப் பிரபஞ்ச மனம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். கணிதத்தில் தொடங்கிய சொல் கோலில் வந்து முடிந்தது இப்படித்தான். ஒரு அறை நிறையக் காந்தம் வைத்து, கால் மணித்தியாலம் அரை மணித்தியாலம் அசையாமல் படுக்க வைத்து எடுக்கிற சமிக்ஞையை, யூ.எஸ்.பி. வயரில் ஓடுகிற பெட்டி ஒரு நிமிசத்தில் எடுக்குமெண்டால் ஆஸ்பத்திரியள் ஏன் இவ்வளவு காசைக் கொட்டுது?

மூளையையும் இவர்கள் விடவில்லை. மூளை ஹொலோகிராம் போல வேலை செய்யலாம் என்று கார்ல் பிரிப்ரம் ஒரு கருதுகோள் வைத்தார். நேர்மையான கருதுகோள், நிறுவப்படவில்லை. அதை எடுத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட உறுப்பின் 'சக்தி உடல்' அப்படியே இருக்கு, அதுதான் இல்லாத கால் வலிக்குது என்கிறார்கள். இதை யாழ்ப்பாணத்தில் நின்று சொல்லக் கொஞ்சம் வெக்கம் வேணும். மிதிவெடியில் கால் போனவர்கள் எங்கட ஒழுங்கைகளில் இருக்கினம். 1987 முதல் ஜெய்ப்பூர் நிறுவனம் இங்கே செயற்கைக் கால் செய்து கொடுக்குது. இல்லாத காலின் வலி அவர்களுக்குத் தத்துவம் இல்லை, இரவு நித்திரை இல்லாமல் போகிற விசயம்.

அந்த வலியைப் பற்றிப் பிரயோசனமாக யோசித்தவர் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். ராமச்சந்திரன். கை இழந்தவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையில் தொட்டது போல் அவருக்குப் படுகிறது என்று கண்டார். மூளையின் வரைபடத்தில் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து வளவு. வெறுமையான வளவுக்குள் அயல் வந்துவிடுகிறது. பிறகு ஒரு கண்ணாடியை நடுவில் வைத்து, இருக்கிற கையின் விம்பத்தை இல்லாத கையாகப் பார்க்க வைத்தார். சிலருக்கு இறுகிப் பிடித்த வலி விட்டது. எல்லாருக்கும் இல்லை. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் விஞ்ஞானம். ஒரு முகம் பார்க்கிற கண்ணாடியின் விலையில் முயன்று பார்க்கக்கூடியது அது.

"பாவம், நம்பிக்கைதானே, ஆருக்கு என்ன நட்டம்?" என்று கேட்கிறவர்களுக்கு: 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அதிகாரசபை, 5ஜியிலிருந்து காக்குமென்று விற்ற மாலைகள் உட்படப் பத்துப் பொருட்களைப் போட வேண்டாம் என்று எச்சரித்தது. அவை கதிர்வீச்சு விட்டன. எங்கட நாட்டில் 2020 டிசம்பரில் கேகாலைப் பாணிக்குச் சனம் அள்ளுப்பட்டது, சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டினார், அடுத்த மாதம் அவருக்கே கொரோனா. அமைச்சர் தப்பினார். மார்பில் கட்டியோடு போகிற ஒரு அக்காவுக்குப் பெட்டி 'சாதாரணம்' என்று அச்சடித்துக் கொடுத்தால், அவ இழக்கிறது மாதங்களை. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஆட்கள் நடந்து காசு சேர்த்தது தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை வேணுமெண்டுதான். அங்கே போகவேண்டிய ஒருவரை வழியில் மறிக்கிற வேலை இது.

'தமிழில் இதெல்லாம் விளங்கப்படுத்தேலாது' என்கிற சாட்டையும் நாங்கள் ஏற்கமாட்டம். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் தமிழில் வைத்தியம் படிப்பித்து, சொல் உண்டாக்கி, 1875இல் 'கெமிஸ்தம்' என்று புத்தகமும் கொண்டுவந்த மண் இது. சக்திச்சொட்டெண் படித்துப் பாஸ் பண்ணின பெடியள் பெட்டையள் ஊருக்கு நூறு பேர் இருக்கினம். குடும்பக் குழுவில் அந்த வீடியோ வரும்போது பெரியப்பாவோடு கொழுவக் கூடாதென்று பேசாமல் இருக்கினம். பேசுங்கோ. மரியாதையாய்ப் பேசலாம்.

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவ சாதனங்கள் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியப்பட்டிருக்க வேணும். மேசைக்காரரிடம் அந்தப் பதிவிலக்கத்தைக் கேளுங்கோ. பிறகு அதே ஆள், அதே கையால், கோலை இரண்டாம் தரம் பிடிக்கட்டும், கணினியில் வயதை மட்டும் இருபது கூட்டிப் போட்டு. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பெரியப்பாவிடம் கொடுங்கோ, அவரே வாசிக்கட்டும்.